முட்டை ட்ரேயில் மாமாவின் மாத்திரைகள்

ஒரு மாத்திரையை ஆரம்பித்து வைக்க எத்தனையோ டாக்டர்கள் இருக்கிறார்கள். அதை நிறுத்தி வைப்பது யாருடைய வேலை? ஒன்றரை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் இன்னும் சில மாத்திரைகள்தான்.

எங்கள் வீடு கூக்காலில், ஏரியிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. பூண்டும் கேரட்டும் போடுகிறோம். வீட்டில் நான், என் கணவர், நான்கு வயது மகள், எழுபத்தாறு வயது மாமனார். அத்தை, நான் மருமகளாக வருவதற்கு முன்பே போய்விட்டார். நான் திண்டுக்கல்லில் எம்.ஏ. வரலாறு படித்தவள். வந்த புதிதில் மாமா ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"படிச்ச புள்ள நீ. இனி இது உன் சோலி தாயி."

பைக்குள் மாத்திரைகள். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் பழனி டாக்டர் கொடுத்தவை, நெஞ்சுக்குக் கொடைக்கானல் டாக்டர் கொடுத்தவை, அவை வயிற்றைக் கெடுக்காமல் இருக்க ஒன்று, எதற்கென்று தெரியாத அரை மஞ்சள் மாத்திரை ஒன்று. மற்ற விஷயங்களில் எப்படியோ, ஒரு விஷயத்தில் எல்லா டாக்டர்களும் ஒரே வாக்காக இருந்தார்கள்: "எதையும் நீங்களா நிறுத்தக் கூடாது." நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சொன்னதைச் செய்துவிட்டு, சரியாகச் செய்தோமா என்று எழுந்து போய் இன்னொரு முறை பார்க்கும் ஆள் நான். கேஸ் அடுப்பை மூடிவிட்டு மூன்று தடவை பார்ப்பேன்.

மாத்திரைகளை அடுக்க முட்டை ட்ரே ஒன்றை எடுத்தேன். ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு குழி. வெறும் வயிற்றில், காலைச் சாப்பாட்டுக்குப் பின், மத்தியானம், சாயங்காலம், படுக்கும் முன் என்று ஐந்து வேளை சரியாகப் பொருந்தியது. ஆனால் ட்ரேயின் கணக்கில் வாரத்துக்கு ஆறு நாள்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு இட்லித் தட்டை எடுத்துக்கொண்டேன். அதில் நான்கு குழி. ஐந்தாவது வேளைக்குத் தட்டின் நடுவில் குச்சி செருகும் ஓட்டை மேல் ஒரு பாட்டில் மூடியை மல்லாக்க வைத்தேன். என் கணவர் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை நமக்கு இட்லி கெடையாதா?" என்று மட்டும் கேட்டார்.

ட்ரே பீரோவின் மேல் இருக்கும். பாப்பாவுக்கு எட்டாது. எட்டாது என்று தெரிந்தும் நாற்காலிகளை எல்லாம் அந்த அறையிலிருந்து எடுத்துவிட்டேன். ஒரு நாள் செவ்வாய்க்கிழமைக் குழியில் ஒன்று குறைந்தது. பாப்பாவின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், நாக்கை முகர்ந்து பார்த்தேன், பொம்மையின் வாயைக்கூடப் பார்த்தேன். கடைசியில் அது என் ஸ்வெட்டர் பின்னலில் சிக்கிக்கொண்டு என்னோடுதான் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊருக்குப் பஸ் குறைவு. மருந்துக் கடைக்குக் கொடைக்கானல் போக வேண்டும். அதனால் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மாத்திரை தீர்ந்ததும் காலி அட்டையைக் காலையில் மினி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால், கடையில் அதைக் காட்டி வாங்கிக்கொண்டு சாயங்காலம் வருவார். டாக்டர் சீட்டு வேண்டியதில்லை. காலி அட்டைதான் சீட்டு. எந்த அட்டை எந்த வீடு என்று தெரிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறத்தில் கம்பளி நூல். எங்களுடையது பச்சை. கூக்காலில் யாருக்கு எந்த உறுப்பில் என்ன கோளாறு என்பது அந்த மனிதருக்கு மனப்பாடம்.

ஒரு மழைக்காலத்தில் பிரஷர் மாத்திரைக்குப் பதிலாக வேறொன்று வந்தது. பழையது வெள்ளை, வட்டம். வந்தது இளஞ்சிவப்பு, நீளம். பெயரும் வேறு. "புதுசு குடுத்திருக்காக தங்கச்சி" என்று படியில் நின்றபடியே கண்டக்டர் நீட்டினார். இளஞ்சிவப்பைக் குழியில் போட்டேன். அடுத்த வாரம் கேட்காமலே பழைய வெள்ளையும் வந்தது. வெள்ளையை எந்த டாக்டரும் நிறுத்தச் சொல்லவில்லை. இளஞ்சிவப்போ கடையிலிருந்து புதிதாக வந்திருக்கிறது. நகரத் தொடங்கிய பஸ்ஸோடு ஓடிக்கொண்டே கேட்டேன்.

"அண்ணே, இதுக்குப் பதிலா அதா, இதோட சேத்து அதா?"

"குடுத்துவிட்டதை எல்லாம் குடு தங்கச்சி. பெறகு எதுக்குக் குடுத்துவிடுறாக, சாமிக்குப் படைக்கவா? ரைட், ரைட்!"

இரண்டையும் கொடுத்தேன். எம்.ஏ. படித்தவள்.

கொஞ்ச நாளில் மாமாவின் கால் வீங்கியது. கொடைக்கானல் டாக்டர் நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதினார். நீர் பிரிந்தது. பிரிந்துகொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் கக்கூஸ் வெளியே இருக்கிறது. கூக்கால் குளிரில் மாமா வெள்ளனே எழுந்து, மப்ளரைச் சுற்றி, குடையை எடுத்துக்கொண்டு, கால்மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்வந்தார். கன்னிவாடியில் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில், அங்குள்ள டாக்டர் அதை அடக்க ஒன்று கொடுத்தார். அடங்கியது. கூடவே வாய் உலர்ந்தது, வயிறு கட்டிக்கொண்டது. அதற்குப் பழனியில் ஒன்று. ஆக மொத்தம் நீர் போக ஒன்று, நீர் போகாமல் இருக்க ஒன்று. இரண்டும் ட்ரேயில் ஒரே குழிக்குள் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். அந்தக் குழியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ உறுத்தும். யாரிடம் கேட்பது என்று தெரியாது. கேட்டால் இன்னொன்று எழுதிவிடுவார்களோ என்றும் பயம்.

மாமாவுக்கு மறதி வந்தது. எழுந்து நின்றால் தள்ளாடினார். "வயசாகுதுல்ல" என்றார்கள் எல்லோரும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் போன வருடம்வரை பூண்டு மூட்டையை முதுகில் தூக்கிய ஆள் இந்த மழைக்காலத்தில் மட்டும் இவ்வளவு வேகமாகக் கிழவராவாரா என்று இட்லித் தட்டை நிரப்பும்போது தோன்றும். பிறகு, நமக்கென்ன தெரியும் என்று நடு மூடியில் கடைசி மாத்திரையைப் போட்டுவிடுவேன்.

இத்தனையிலும் மாமா விடாத ஒன்று உண்டு. தினமும் காலையில் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்கு இறங்குவார். மினி பஸ் வந்து திரும்புவதைப் பார்க்க. பஸ் முன்னே வரும், பின்னே போகும், டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்புவார், ஹாரன் அடிக்கும். இருவரும் பாலத்துத் திட்டில் உட்கார்ந்து, "இன்னைக்கு நல்லா ஒடிச்சான்", "இன்னைக்குச் சரியா ஒடிக்கல" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு மேலேறி வருவார்கள். பாப்பாவுக்கு அது போதும். மாமாவுக்கு அதைத் தவிர வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. திரும்பி வரும்வரை நான் வாசலில் ஏதாவது வேலை செய்வதுபோல் நின்றிருப்பேன்.

ஒரு நாள் காலை மாமா பின்கட்டிலிருந்து வந்து சாவகாசமாகச் சொன்னார்.

"தாயி, பின்னால காட்டெருமை நிக்குது. கேரட்டு திங்குது."

ஓடிப்போய்ப் பார்த்தேன். மஞ்சுமூட்டம்தான். கையை நீட்டினால் கை தெரியாத மஞ்சு. வயதானவர்களுக்கு மாத்திரைகளால் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்று எங்கோ படித்திருந்தேன். அன்றைக்கே அவரைக் கிளப்பிக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போனேன். டாக்டர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"ஐயா, எவ்வளவு பெருசா இருந்துச்சு?"

"நம்ம மினி பஸ்ஸுல பாதி இருக்கும்."

"பேசுச்சா?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏந்தாயி, இவரு நல்லாத்தான இருக்காரு?"

டாக்டர் ராத்திரிக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதினார்.

வீட்டுக்கு வந்தால் பின்பக்கம் ஊரே கூடி நிற்கிறது. கேரட் பாத்தி இரண்டு காலி. குளம்புத் தடம் ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. நடுவில் மலைபோல் சாணி. மாமா ஒரு தடத்தின் பக்கத்தில் தன் காலை வைத்துக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

இப்போது அந்த ராத்திரி மாத்திரையை என்ன செய்வது? காட்டெருமை நிஜம் என்றால் மாத்திரை வேண்டாம். ஆனால் நானாக நிறுத்தக் கூடாது. சாணியைப் போட்டோ எடுத்து, குளம்புத் தடத்தின் பக்கத்தில் அளவுக்கு ஸ்கேலும் வைத்து எடுத்து, டாக்டரின் கிளினிக் வாட்ஸப் எண்ணுக்கு அனுப்பினேன். "மாடு உண்மையிலேயே வந்திருக்கிறது, தயவுசெய்து மாத்திரை பற்றிச் சொல்லவும்" என்று எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: "அதையே தொடரவும். ஒரு மாதம் கழித்து வரவும்."

தொடர்ந்தோம். மாமா மத்தியானம்வரை கண் சொருகிக் கிடந்தார். சாப்பிடும்போது கையில் சோறு அப்படியே நின்றது. இரண்டாவது வாரம், ஏரிக்கரையில் ஹாரன் சத்தம் கேட்டுத் திட்டிலிருந்து சட்டென்று எழுந்தவர் அப்படியே முன்னால் விழுந்தார். விழும்போது பாப்பாவின் கையை விட்டுவிட்டார். அதனால்தான் அவள் விழவில்லை என்று பின்னால் தெரிந்தது. கண்டக்டர் ஒரு கையில் மாமாவையும் இன்னொரு கையில் பாப்பாவையும் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். பாப்பா சொன்னாள், "தாத்தா ரோட்டுல படுத்துட்டாரு. பஸ்ஸு நல்லா ஒடிச்சுச்சு, தாத்தா பாக்கல."

கண்டக்டருக்கு என் மேல் கோபம். "கல்லு மாதிரி இருந்த மனுசன். அப்படி என்னதான் குடுக்குற தங்கச்சி அவருக்கு?"

நெற்றியில் இரண்டு தையல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தையல் போட்ட டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண்ணாக இருப்பார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன். ஏழாவதில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நாளன்னைக்கு வாங்க. மாத்திரை, அட்டை, சீட்டு, தைலம், பக்கத்து வீட்டுல வாங்கிப் போட்டது, வீட்டுல என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. ஐயாவையும் கூட்டிட்டு வாங்க."

அன்று சாயங்காலம் என் கணவர் மாமாவிடம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "இனிமே பாப்பாவ நீங்க கீழ கூட்டிட்டுப் போக வேணாம்ப்பா." மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது, மாமா மப்ளரும் குல்லாவும் போட்டுக்கொண்டு மூடிய கதவுக்கு உள்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாப்பாவும் குல்லாவோடு. கீழே ஹாரன் சத்தம் கேட்டது. இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒடிச்சிருப்பானா தாத்தா?" "ஒடிச்சிருப்பான்." கதவைத் திறக்கவும் முடியாமல், திறக்காமல் இருக்கவும் முடியாமல் நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அவரை இப்படி உட்கார வைத்தது நோயா, வயதா, நானா என்ற கேள்வி அன்றுதான் முழுசாக எனக்குள் வந்தது.

எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னதால் எல்லாவற்றையும் கொண்டு போனேன். முட்டை ட்ரேயைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டேன். இட்லித் தட்டு மாமா மடியில். பஸ்ஸில் முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார்.

"நாட்டுக்கோழி முட்டையாத்தா? எனக்குப் பத்து குடு."

"முட்டை இல்லைங்க. மாத்திரை."

அவர் துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஒரு ஆளுக்கா?"

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் டிரைவர் ஒரு குழியில் விட்டார். என் ட்ரேயில் அத்தனை குழிகளும் ஒரே நேரத்தில் காலியாகி நிரம்பின. துண்டை விலக்கினேன். செவ்வாய்க் காலை வியாழன் ராத்திரிக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை முழுக்க என் செருப்புக்குக் கீழே. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா என் கையைத் தட்டி, "விடு தாயி, வயித்துக்குள்ள போயி எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நல்லதாப் போச்சு. கெழமை வேணாம், இனம் பிரிங்க" என்றார். மேஜையில் செய்தித்தாள் விரித்து, அவரும் நானும் பீன்ஸ் தரம் பிரிப்பதுபோல் பிரித்தோம். பிறகு ஒவ்வொரு குவியலுக்கும் அட்டையைத் தேடி வைத்தார். வெள்ளை அட்டையையும் இளஞ்சிவப்பு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மருந்துங்க."

"பேரு வேற இருக்கே மேடம்?"

"பெரிய எழுத்துல இருக்குறது கம்பெனி வெச்ச பேரு. இந்தப் பொடி எழுத்துல இருக்கு பாருங்க, அதுதான் மருந்து. ரெண்டுலயும் அதே. ஒரே பிரஷர் மருந்தை ரெண்டு மடங்கு குடுத்திருக்கீங்க. ரெண்டையும் குடுக்கச் சொன்ன டாக்டர் யாரு?"

ட்ரேயை மூடியிருந்த துண்டை நாலாக மடித்தேன். "கண்டக்டர்" என்றேன்.

"எந்த ஆஸ்பத்திரி?"

"மினி பஸ்."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. மாமாவை உட்கார வைத்து ஒரு தடவையும் நிற்க வைத்து ஒரு தடவையும் பிரஷர் பார்த்தார். நின்றதும் அது சரசரவென்று இறங்கியது. கால் எப்போது வீங்கியது, நீர் மாத்திரை எப்போது, அடக்குகிற மாத்திரை எப்போது, மறதி எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கோடு இழுத்துக்கொண்டே போனார். அந்தப் பிரஷர் மருந்து அதிகமானால் கால் வீங்கும். வீக்கத்துக்கு ஒன்று, அது கொடுத்த தொல்லைக்கு ஒன்று, அது கொடுத்த தொல்லைக்கு இன்னொன்று. எல்லாக் கோடும் பஸ் படியில் போய் நின்றது. காட்டெருமை மாத்திரையைக் காட்டி, "இது எதுக்கு?" என்றார். போனில் இருந்த சாணிப் படத்தைக் காட்டினேன். அப்போதுதான் சிரித்தார்.

பிரஷர் மாத்திரை இரண்டில் ஒன்றை அன்றைக்கே நிறுத்தினார். மற்றவற்றை ஒரேயடியாக நிறுத்தவில்லை. "ஒண்ணைக் குறைப்போம், பார்ப்போம், பெறகு அடுத்தது. காட்டெருமைக்குக் குடுத்த மாத்திரையைப் படிப்படியாத்தான் விடணும்" என்றார். வாராவாரம் வரச் சொன்னார். ஒரு தாளில் கட்டம் போட்டு, என்ன மருந்து, எதற்கு, யார் கொடுத்தது, எதுவரை என்று எழுதினார். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டச் சொன்னார். இப்போது காலி அட்டையோடு அந்தத் தாளின் நகலும் பஸ்ஸில் போகிறது. கண்டக்டருக்குக் கொஞ்சம் வருத்தம். "டாக்டரம்மா என்னையப் பத்திக் கேட்டாகளாமே" என்றார். பிறகு அவரே ஊரில் எல்லோரிடமும், "பொடி எழுத்தைப் பாருங்கப்பா, பொடி எழுத்தை" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

இரண்டு மாதத்தில் கால் வீக்கம் வடிந்தது. குடையோடு வெளியே போவது நின்றது. ஒரு காலை மாமா நேற்றுக் கேரட் என்ன விலை போனது என்று சொல்லிவிட்டு, வியாபாரி ஏமாற்றிய கதையையும் மறக்காமல் சொன்னார். என் கணவர் அவரை ஒரு வாரம் கவனித்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் காலை கதவைத் திறந்து வைத்தார். இரண்டு குல்லாக்களும் கீழே இறங்கிப் போயின.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்தத் தாளில் ஒரே ஒரு வரிசை மட்டும் பாதி காலியாக இருக்கிறது. அரை மஞ்சள் மாத்திரை. பெயர் எழுதியிருக்கிறது, எதற்கு, யார் கொடுத்தது, எதுவரை, மூன்று கட்டமும் வெறுமை. "இதை நரம்பு வலிக்கும் குடுப்பாங்க, தூக்கத்துக்கும் குடுப்பாங்க, மனசுக்கும் குடுப்பாங்க. இவருக்கு எதுக்குன்னு கேட்டுட்டு வாங்க, பெறகு கைவெப்போம்" என்றார் டாக்டர். கேட்டுக்கொண்டு வருவதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது; அவர் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை.

பழனியில், "நான் எழுதல, எழுதினவரைக் கேளுங்க" என்றார்கள். கொடைக்கானலில், "ஒத்துப்போகுதுல்ல, ஓடட்டும்" என்றார்கள். கன்னிவாடியில் அதை முழு மாத்திரையாக்கப் பார்த்தார்கள்; தாளைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கடைசியில் மாமாவையே உட்கார வைத்துக் கேட்டேன். தெளிவாகத்தான் சொன்னார்.

"அதுவா? வத்தலக்குண்டுல ஒரு டாக்டரு. பத்து வருசத்துக்கு முன்ன, உங்க அத்தை தவறுனப்பக் குடுத்தாரு. தங்கமான மனுசன். பத்து நாளு சாப்பிட்டுட்டு வான்னாரு."

"போனீங்களா மாமா?"

"போனேன். அதுக்குள்ள அவரு போயிட்டாரு தாயி."

"எங்க?"

மாமா விரலை மேலே காட்டினார்.

பத்து நாள் மாத்திரை, பத்து வருடமாக, பச்சை நூல் கட்டி பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறது. இறந்தவர் எழுதியதை உயிரோடு இருப்பவர்கள் யாரும் அடிக்க மாட்டேன் என்கிறார்கள். அத்தை போன துக்கத்துக்குக் கொடுத்தது என்றால், அந்தத் துக்கம் தீர்ந்துவிட்டதா என்று மாமாவிடம் நான் எப்படிக் கேட்பது? கொடுத்துக்கொண்டே இருந்தால் மறுபடி விழுவாரோ என்று பயம். நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று அதைவிடப் பயம். தினமும் படுக்கும் முன் குழியில் அந்த அரை மஞ்சளைப் பார்க்கிறேன். தினமும் காலையில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு என் மகள் ஏரிக்கரைக்கு இறங்குகிறாள். நான் வாசலில் நிற்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களின் வீடுகளிலும் ஒரு பை இருக்கும். அதில் யாரும் உரிமை கொண்டாடாத ஒன்றாவது இருக்கும். அதை எப்படித் தீர்த்தீர்கள், யார் தீர்த்துவைத்தார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். "டாக்டரைக் கேளுங்கள்" என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். எந்த டாக்டரை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.